நேருக்கு நேர் இருந்து இனத்தைப் பற்றிக் கதைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் ஊர் ஆரையம்பதி, இலங்கையின் கிழக்கில் ஒரு தமிழ் ஊர். பக்கத்தில் முஸ்லிம்களின் ஊரான காத்தான்குடி முடிகிற இடமும் எங்கள் ஊர் தொடங்குகிற இடமும் வெளியூர்க்காரருக்குப் பிடிபடாது, எங்களுக்கு அடி அடியாகத் தெரியும். சில வருடங்களாக மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் தமிழர், முஸ்லிம்கள், சில தடவை சிங்களவர், ஒன்றிரண்டு பறங்கியர் (ஐரோப்பியர் வழிவந்தவர்கள்) எல்லோரும் ஒரே பாயில் இருந்து இனத்தைப் பற்றி ஒளிக்காமல் கதைக்கிற சிறு சந்திப்புகளை நண்பர்களோடு சேர்ந்து நடத்தி வருகிறேன். வருவதற்கு முதல் எல்லோரும் கிட்டத்தட்ட இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் பதில்களை எழுதி வைக்கிறேன்.

நாங்கள் ஒவ்வொரு நாளும் கதைக்கிறோம்தானே? இதற்கென்று தனியாக ஏன் கூட வேண்டும்?

கதைக்கிறோம், உண்மைதான். மீன் விலை, நெல் விலை, பிள்ளையின் டியூஷன், ஆஸ்பத்திரி வரிசை எல்லாம் கதைக்கிறோம். ஒரே தமிழ். குடி முறை கூட இரண்டு பக்கமும் இருக்கிறது, தாய்வழிதான் குடி, மகளுக்குத்தான் வீடு. குடிக்காகப் பொறுப்பாக இருப்பவர் கோயிலில் வண்ணக்கர், பள்ளிவாசலில் மரைக்கார். இவ்வளவு நெருக்கத்தில் இருந்துகொண்டு 1990ஐப் பற்றி மட்டும் அவரவர் வீட்டுக்குள்தான் கதைக்கிறோம்.

1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். சுவரில் குண்டு துளைத்த அடையாளங்கள் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. ஒரு கிழமைக்குப் பிறகு ஏறாவூரிலும் முஸ்லிம்களைக் கொன்றார்கள். அதே ஆகஸ்டில் வீரமுனைக் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதியாக இருந்த 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. அவர்கள் திரும்பவில்லை. நான்கு நாளில் சத்துருக்கொண்டானில் 184 தமிழர்கள் கொல்லப்பட்டார்கள், கைக்குழந்தைகளும் அதில் சேர்த்தி.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு இதில் சில பெயர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரிந்திருக்கும், சில புதிதாக இருக்கும். எங்கள் சந்திப்புக்கு வந்த ஏறாவூர்ப் பையன் ஒருவன், பல்கலைக்கழகத்தில் படித்தவன், சத்துருக்கொண்டானைத் தாண்டி எத்தனையோ தரம் பஸ்ஸில் போயிருக்கிறான். அங்கே என்ன நடந்தது என்று அவனுக்கு யாரும் சொன்னதே இல்லை. அவனுக்குப் பக்கத்தில் இருந்த கல்லடிப் பிள்ளைக்கு காத்தான்குடிப் பள்ளிவாசலைப் பற்றி அதே அளவுதான் தெரியும். இரண்டு பேரும் கெட்டிக்காரப் பிள்ளைகள். அவர்களுக்குச் சொல்லாமல் விட்டது நாங்கள்.

முஸ்லிம்களும் தமிழர்தானே? மதம் மட்டும்தானே வேறு? பிறகு ஏன் இனம் என்று கதைக்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு வயது நூற்றுக்கும் மேல். பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் சோனகர், அதாவது இங்கத்து முஸ்லிம்கள், இனத்தால் தமிழரே என்று எழுதினார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதை மறுத்து எழுதினார். அப்போது அது சட்டசபையில் யார் யாருக்குப் பேசுவது என்கிற விஷயம், வெறும் ஆராய்ச்சி அல்ல. பிறகு செல்வநாயகத்தின் தமிழரசுக் கட்சி "தமிழ் பேசும் மக்கள்" என்ற சொல்லைக் கொண்டுவந்தது, அதில் முஸ்லிம்களையும் சேர்க்கத்தான்.

பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள், தகப்பனின் இனம் என்று ஒரு கூடு இருக்கும். ஒருவருக்கு இலங்கைத் தமிழர், அடுத்த வீட்டில் இலங்கைச் சோனகர், டச்பார்ப் பக்கம் போனால் பறங்கியர். வாகரை, கதிரவெளிப் பக்கத்தில் தங்களை வேடர் என்று சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன, பேசுவது தமிழ்.

எங்கள் நடைமுறை இதுதான்: ஒருவர் தன்னை என்ன என்று சொல்கிறாரோ அதுதான் அவர். நீங்களும் தமிழர்தானே என்று அன்பாகத்தான் சொல்கிறோம் என்று நினைக்கிறோம், அதைக் கேட்கிறவருக்கு "உன்னை நான் முடிவுசெய்கிறேன்" என்று கேட்கிறது. ஒரு பறங்கிப் பெண்மணி ஒருநாள் சொன்னார்: "நீங்க ரெண்டு பக்கமும் சண்டை பிடிக்கிற நேரம் மட்டும்தான் எங்கள ஞாபகம் வரும், நீ ஆர்ர பக்கம் எண்டு கேக்கிறத்துக்கு." அவர் அதைச் சொன்ன பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எத்தனை பேர், எங்கே, எந்த நாள்?

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர். அதற்கு மேல் போனால் கூட்டமாகிவிடும், கூட்டத்தில் பேச்சுதான் நடக்கும். கோயில் மண்டபம் வேண்டாம், பள்ளிவாசல் மண்டபம் வேண்டாம், தேவாலய மண்டபமும் வேண்டாம். நூலகம், விவசாய சங்கக் கட்டடம், மீனவர் சங்கக் கட்டடம் நல்லது. வெள்ளி ஜும்ஆ, ஞாயிறு பூசை, பௌத்தர்களின் போயா (முழுநிலா நாள்) மூன்றையும் தவிர்த்துவிட்டு நாளைப் பாருங்கள். அஸர் (பின்னேரத்) தொழுகைக்கு எழும்புகிறவர்களுக்காக இடைவேளையை முதலிலேயே போட்டுவிட வேண்டும், இடையில் அவர்கள் ஒளித்து எழும்பிப் போகிற மாதிரி வைக்கக் கூடாது. சாப்பாடு ஹலால் கடையிலிருந்து, கட்டாயம் ஒரு மரக்கறிச் சாப்பாடும், மாட்டிறைச்சி இல்லை.

மேடை இல்லை, பிரதம அதிதி இல்லை, மாலை இல்லை, பனர் இல்லை. பனர் கட்டினால் எல்லோரும் பனருக்குப் பொருத்தமாகத்தான் கதைப்பார்கள்.

"அவர்கள் எங்களுக்குச் செய்ததை முதலில் ஒத்துக்கொள்ளட்டும், பிறகு கதைப்போம்." இதற்கு என்ன பதில்?

இந்தப் பக்கத்தில் மற்றதெல்லாவற்றையும் விட்டாலும் இதைப் படியுங்கள்.

முதல் சந்திப்பில் நான் செய்த பிழையைச் சொல்கிறேன். காத்தான்குடியைச் சேர்ந்த ஒருவர், நாங்கள் எல்லோரும் காக்கா (அண்ணன்) என்று கூப்பிடுகிறவர், அறுபது வயதுக்கு மேல், தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். தம்பிக்கு அப்போது பதினான்கு. அன்றைக்குப் பள்ளிவாசலுக்குப் போக மனமில்லாமல் விளையாடிக்கொண்டு நின்றவனை இவர்தான் ஏசி அனுப்பியிருக்கிறார். அவர் சொல்லி முடிக்கவில்லை, செருப்பை எந்தப் படியில் கண்டெடுத்தார் என்று சொல்ல வாய் எடுத்தார். நான் குறுக்கே விழுந்து, "காக்கா, சத்துருக்கொண்டானிலயும் சின்னப் பிள்ளைகள்தான்" என்றேன். எனக்கு அது ஆறுதல் மாதிரி, எங்களுக்கும் வலி தெரியும் என்று காட்டுவது மாதிரி இருந்தது. அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "ஓம் தம்பி, அதுவும் பாவந்தான்" என்றார். தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து, குடிக்காமல் திரும்ப வைத்தார். அதற்குப் பிறகு அன்றைக்கு அவர் ஒரு சொல் கதைக்கவில்லை. செருப்பு எந்தப் படியில் கிடந்தது என்று நான் அறிந்துகொள்ள எட்டு மாதம் எடுத்தது.

ஒரு சாவுக்கு இன்னொரு சாவைப் பதிலாகச் சொன்னால் இரண்டு சாவும் கணக்காகிவிடுகிறது. இவ்வளவு வருடமாக இங்கே நடப்பது அதுதான், ஒருவர் 1990 ஆகஸ்ட் என்பார், மற்றவர் செப்டம்பர் என்பார், இன்னொருவர் 1985 தமிழர், முஸ்லிம் கலவரத்துக்குப் போவார், சிங்கள நண்பர் இருந்தால் 1987 ஜூன் 2, அரந்தலாவையில் பஸ்ஸை மறித்துக் கொல்லப்பட்ட முப்பதுக்கும் மேற்பட்ட பிக்குகளைச் சொல்வார், உடனே யாராவது 1956இல் கல்ஓயாவில் தமிழர் கொல்லப்பட்ட கலவரம் என்பார். எல்லாம் நடந்தவைதான், ஒன்றும் பொய் இல்லை. ஆனால் ஒருவர் சொன்னது மற்றவரின் காதில் விழவே இல்லை, தன் முறை வரும்வரை காத்துக்கொண்டிருந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அதனால் எங்களிடம் உள்ள ஒரே கண்டிப்பான விதி: ஒருவர் தன் இழப்பைச் சொன்னால் அன்றைக்கு அதற்குப் பதிலாக உங்கள் பக்கத்து இழப்பைச் சொல்லக் கூடாது. கேள்வி கேட்கலாம். எத்தனை வயது, யார் வந்து சொன்னது, பிறகு உம்மா எப்படி இருந்தா என்று கேட்கலாம். உங்கள் கதைக்கு இன்னொரு நாள் இருக்கிறது, அன்றைக்கு அவர் இருந்து கேட்பார். சிலருக்கு இது அநியாயமாகப் படும், எங்கள் ஆட்கள் செத்ததைச் சொல்லாமல் இருப்பதா என்று. சொல்லாமல் இருக்கச் சொல்லவில்லை. அவருடைய தம்பிக்கு மேலே தூக்கி வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அப்படியென்றால் நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? நான் ஒன்றும் செய்யவில்லையே.

நீங்கள் செய்யாததற்கு நீங்கள் மன்னிப்புக் கேட்டால் அது நாடகமாகிவிடும், எதிரில் இருப்பவருக்கும் சங்கடம். செய்தவர்கள்தான் கேட்க வேண்டும், விசாரணையும் நீதியும் அரசின் வேலை. கோவிட் காலத்தில் முஸ்லிம்களின் சடலங்களைக் கட்டாயமாக எரித்ததற்கு 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது, அது கேட்க வேண்டிய இடத்திலிருந்து வந்தது, பிந்தித்தான் வந்தது.

ஆனால் நீங்கள் செய்தது ஏதாவது இருக்கும். அந்த நேரம் சிரித்திருப்பீர்கள், "அவங்களுக்கு வேணும்" என்று சொன்னவரோடு சேர்ந்து தலையாட்டியிருப்பீர்கள், வாடகைக்கு வீடு கேட்டவரின் பெயரைக் கேட்டவுடன் இல்லை என்றிருப்பீர்கள். அதைச் சொல்லுங்கள். அது உங்களுடையது.

யாராவது கூடாத சொல்லைச் சொல்லிவிட்டால்?

சொல்லுவார்கள். "தொப்பி பிரட்டி" என்ற சொல் எங்கள் ஊர்களில் எவ்வளவு சாதாரணமாகப் புழங்குகிறது என்று ஒரு முஸ்லிம் நண்பருக்குப் பக்கத்தில் இருந்து கேட்கும்போதுதான் உறைக்கும். தமிழ் ஆசிரியர் ஒருவர் அரசியல்வாதி ஒருவரைத்தான் அப்படிச் சொன்னார், கட்சி மாறினதற்கு. அறையில் நான்கு முஸ்லிம்கள் இருந்தார்கள். அவர் சொன்னது இவர்களை அல்ல, ஆனால் தொப்பி இவர்களுடையது. ஒரு ராத்தா மெதுவாகக் கேட்டா: "சேர், கட்சி மாறுற எல்லாரும் தொப்பி போட்டவங்களா?" அவர் உடனே விளக்கம் சொல்லத் தொடங்கினார், பழமொழி மாதிரி, யாரையும் குறிக்காது என்று. நாங்கள் மறிக்கவில்லை. விளக்கம் நீள நீள அவருக்கே கேட்டது. நிறுத்திவிட்டு, "நான் வகுப்பிலயும் சொல்லியிருக்கிறன்" என்றார். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் நான் இந்த வேலையைச் செய்கிறேன்.

மறுபக்கமும் இருக்கிறது. காபிர் என்ற சொல்லை வசவாகச் சொல்வது, சிங்களத்தில் முஸ்லிமைப் பார்த்து "தம்பியா" என்பது, தமிழ்ப் பையனைப் பார்த்து "கொட்டியா" (புலி) என்பது. சொன்னவரை வெளியேற்ற வேண்டாம். அந்தச் சொல் விழுந்தவரிடம் முதலில் கேளுங்கள், சொன்னவரிடம் பிறகு.

சிங்களவர்கள் வந்தால் எந்த மொழியில்?

அவரவர் மொழியில், மொழிபெயர்ப்பாளரோடு. நேரம் இரட்டிப்பாகும், பரவாயில்லை. அம்பாறை நகரத்துக்குப் போனால் தமிழ் பேசுகிற நாங்கள் உடனே உடைந்த சிங்களத்துக்கு மாறிவிடுகிறோம், கந்தோர்களில் வந்த பழக்கம். 1987இலிருந்து தமிழும் அரசகரும மொழி, ஆனால் கவுண்டரில் நிற்கும்போது அது ஞாபகம் வருவதில்லை. உடைந்த மொழியில் கோபத்தையும் சொல்ல முடியாது, துக்கத்தையும் சொல்ல முடியாது, "சரி மாத்தயா" (சரி ஐயா) என்று மட்டும்தான் சொல்லலாம்.

மொழிபெயர்ப்பவர் சொல்லை மெதுவாக்காமல் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். நல்ல மனதோடுதான் மெதுவாக்குவார்கள். உகணைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, யுத்த காலத்தில் இரவில் காட்டுக்குள் போய்ப் படுத்ததைச் சொல்லும்போது "மட்ட பயய்" என்றார். மொழிபெயர்க்க வாய் திறப்பதற்குள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. பய என்றால் அங்கேயும் பயம்தான். திருக்கோவிலிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, இராணுவத்துக்குப் பயந்து அதே மாதிரிப் பற்றைக்குள் படுத்தவர், எழும்பிப் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தார்.

2019ஐப் பற்றிக் கேட்கலாமா?

கேட்கத்தான் வேண்டும். ஏப்ரல் 21ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறு, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் தற்கொலைக் குண்டில் செத்தவர்களில் ஞாயிறு வகுப்புக்கு வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தக் குடும்பங்களுக்குக் கேட்க உரிமை இருக்கிறது.

ஆனால் எப்படிக் கேட்பது என்பது இருக்கிறது. "உங்களுக்குத் தெரியாமலா நடந்தது?" என்பது தீர்ப்பு. அந்தத் தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானுக்கு எதிராகக் காத்தான்குடி முஸ்லிம்களே 2017இல் புகார் கொடுத்திருந்தார்கள், அது தெரியாமல் இருந்து இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள்தான் கூட. "அந்தக் கிழமை உங்கள் வீட்டில் என்ன நடந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். குர்ஆனை, அரபு எழுத்து உள்ள புத்தகங்களை எங்கே ஒளிப்பது என்று தேடியதை, ஆட்டோவில் ஏற்ற மறுத்ததை, வெட்கத்தை, கோபத்தை எல்லாம் சொல்வார்கள். அடுத்த வருடம் ஜனாஸா (சடல) எரிப்பு வந்தது. பிறகு 2021 மார்ச்சிலிருந்து ஓட்டமாவடி மஜ்மா நகரில் நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் கொண்டுவந்து அடக்கினார்கள், மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், முஸ்லிம் அல்லாதவர்களும் அதில் இருக்கிறார்கள். நேரம் கிடைத்தால் ஒருதரம் போய்ப் பாருங்கள்.

காணி, பிரதேச செயலகம், வேலைவாய்ப்பு எல்லாம் அரசியல். அதை விட்டுவிட்டுக் கதைக்கலாமா?

விடக் கூடாது. "அரசியல் வேண்டாம்" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் நல்ல மனிதர்கள், சண்டை வராமல் இருக்கச் சொல்கிறார்கள். ஆனால் கல்முனையில் இருக்கிற ஒருவரிடம் வடக்குப் பிரதேச செயலகத்தைப் பற்றிக் கதைக்காதே என்றால் பிறகு என்ன இருக்கிறது, வட்டிலப்பத்தைப் பற்றிக் கதைப்பதா? 2019 ஜூனில் அந்த உப செயலகத்தைத் தரமுயர்த்தச் சொல்லி உண்ணாவிரதம் இருந்தார்கள், எதிராகவும் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். தமிழருக்கு அது கையெழுத்துக்காக அலையாமல் இருக்கிற உரிமை, முஸ்லிமுக்கு அது தன் நகரம் இரண்டாகப் பிளக்கப்படுவது. இரண்டு பயமும் மெய்.

முதல் சந்திப்பிலேயே எடுக்காதீர்கள், மூன்றாவதில் எடுங்கள், அதற்குள் ஆளை ஆள் தெரிந்திருக்கும். எடுக்கும்போது வரைபடத்தை நடுவில் விரித்து வையுங்கள். எங்களுடைய ஒரு சந்திப்பில் பெரிய சத்தம் போட்ட இரண்டு பேருக்கும் எல்லை எங்கே போகிறது என்பதே பிழையாகத் தெரிந்திருந்தது. இரண்டு பேரும் வேறு வேறு கட்சிக்காரர் சொன்னதைத்தான் நம்பியிருந்தார்கள். சண்டை தீரவில்லை, ஆனால் எதற்காகச் சண்டை என்று தெளிந்தது.

பெண்கள் வந்தாலும் வாய் திறப்பதில்லையே?

ஆண்கள் இருக்கிற இடத்தில் திறப்பதில்லை. முதலில் பெண்கள் மட்டும் இருங்கள். காணாமல் போனவரைத் தேடி முகாம் முகாமாக அலைந்தவர்கள் அவர்கள்தான், ஆண்களைவிட அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போன்ற இடங்களில் தமிழ், முஸ்லிம் பெண்கள் நீண்ட காலமாகச் சேர்ந்து வேலை செய்கிறார்கள், நாங்கள் ஆண்கள் இதில் பின்னால் வந்தவர்கள்.

வீடியோ எடுத்து பேஸ்புக்கில் போடலாமா?

இல்லை. போனை ஒரு கூடைக்குள் போட்டுவிட்டுத்தான் இருக்கிறோம். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தை, ஐ.சி.சி.பி.ஆர். என்று சொல்கிற வெறுப்புப் பேச்சுக்கு எதிரான சட்டத்தை, வைத்து ஒரு முகநூல் பதிவுக்கே ஆட்களைப் பிடித்திருக்கிறார்கள். அது ஒருபக்கம் இருக்க, கமரா இருந்தால் ஆள் தன் இனத்துக்காகக் கதைப்பார், தனக்காகக் கதைக்க மாட்டார்.

இப்படி இருந்து கதைத்து என்ன பயன்? ஏதாவது மாறியிருக்கிறதா?

நியாயமான கேள்வி. கோர்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இலேயே சொன்னார், சும்மா சந்திப்பதால் வெறுப்பு குறையாது, சமமாக இருந்து, பொதுவான ஒரு தேவைக்காகச் சேர்ந்து வேலை செய்து, மேலிடத்தின் ஆதரவும் இருந்தால் குறையும் என்று. இலங்கையிலேயே நான்கு நாள் சமாதானப் பட்டறை ஒன்றில் கலந்துகொண்ட இளைஞர்களை ஒரு வருடம் கழித்து ஆராய்ந்து பார்த்தார்கள், மற்ற இனத்தவர்மேல் அவர்களுக்கு இரக்கம் கூடுதலாக இருந்தது, அந்த ஆய்வு 2005இல் வெளிவந்தது.

ஆய்வைவிட எனக்குப் பிடித்தது எங்கள் பக்கத்துக் கதை. 1980களின் தொடக்கத்தில் கல்ஓயா இடதுகரையில் வாய்க்கால் வாய்க்காலாக விவசாயிகள் குழு அமைத்தார்கள். மேலே தலைப்பில் பெரும்பாலும் சிங்களவர், கடைசியில் தமிழர். நாட்டில் நிலைமை எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் மேலே உள்ளவர்கள் கதவைக் கட்டி, முறை வைத்துக் கீழே தண்ணீர் விட்டார்கள். வாய்க்கால் கரையில் நின்று முகத்தைப் பார்த்துக் கேட்ட பிறகுதான் விட்டார்கள்.

எங்கள் சந்திப்புகளால் நாடு மாறவில்லை. அந்த ஆசிரியர் வகுப்பில் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. காக்கா இந்த வருடம் சத்துருக்கொண்டான் நினைவு நாளுக்கு என்னோடு வந்தார், ஒன்றும் கதைக்கவில்லை, கடைசிவரை நின்றார்.

வீட்டில் பேசுகிறார்கள், "அவங்களோட உனக்கு என்ன கதை" என்று.

சண்டை பிடிக்காதீர்கள். அவர்கள் ஒன்றைக் கண்டிருக்கிறார்கள், அதனால் சொல்கிறார்கள். அவர்களிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள்.

குழு ஒன்றும் இல்லை, நான் தனி ஆள். எப்படித் தொடங்குவது?

குழு தேவையில்லை. நீங்கள் பல வருடமாகச் சாமான் வாங்குகிற கடைக்காரர், உங்களுக்குத் தைத்துத் தருகிறவர், பக்கத்து வயல்காரர், யாராவது ஒருவர் மற்றப் பக்கத்தில் இருப்பார். ஆறுதலான நேரம் பார்த்து, மத்தியானம் கடையில் சனம் இல்லாத நேரம், "தொண்ணூறில நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேளுங்கள். பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் முகத்திலேயே தெரியும், அப்போது விட்டுவிடுங்கள். சொல்லத் தொடங்கினால் குறுக்கே போகாதீர்கள், உங்கள் மாமாவின் கதை தொண்டை வரைக்கும் வரும், விழுங்கிவிடுங்கள். முதல் தரம் அரை மணித்தியாலம் போதும். அடுத்த கிழமை திரும்பப் போங்கள், வாங்குவதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும்.